ஐஸ் தோண்டின குளம்

தை பிறந்ததும் ஊருக்குப் போகப்போவதாக மனைவி சொன்னாள். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் மெல்பேர்னில் நோபல் பார்க்குக்கு வந்து அப்போது ஒரு வருடம் தாண்டியிருந்தது. அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் அவள் வன்னியில், நான் இங்கே. நான் படகில் வந்தவன். குடும்பத்தைக் கூப்பிடக்கூடிய விசா கிடைக்க அவ்வளவு காலம் எடுத்தது. பிள்ளைகள் இல்லை. அதற்குரிய வயது தனித்தனியாகப் போய்விட்டது.

அங்கே அவள் தனியாக நின்று வீடு கட்டியவள். கோழிப் பண்ணை வைத்திருந்தவள். ஊரில் முட்டை வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். இங்கே அவளைத் தேடி ஒருவரும் வருவதில்லை. ஆங்கில வகுப்புக்குப் போவாள். வகுப்பில்லாத நாட்களில் குசினி யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பாள். எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டி வெளியே வருவதையும் உள்ளே போவதையும் பார்ப்பாள். எனக்கு டண்டினோங்கில் ஒரு குளிர் அறையில் வேலை. உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்குவது.

"நான் உயிரோடை வளத்தனான். நீங்கள் செத்ததை அடுக்கிறியள்," என்று சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

பண்ணையை அவளுடைய தங்கச்சி பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் போனில் கோழிக் கதைதான். எந்தக் கோழி அடைகாக்கிறது, எதை நாய் பிடித்தது என்று. "அவளுக்குத் தனிய ஏலாதாம். தை பிறக்க நான் போறன்," என்றாள் ஒரு நாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டு வந்தவன் நான். நில் என்று எந்த முகத்தோடு சொல்வது? எப்போது வருவாய் என்றாவது கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. அவளுடைய வழக்கம் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிட்டுப் போகும்போது எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், போகிறவர் நின்று, குந்தி இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகுதான் புதிதாக வெளிக்கிட வேண்டும். நான் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலியால் எட்டிப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால், இவள் சிரித்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் வந்து இருப்பாள். அப்படி ஒரு முறை வகுப்புக்கு பஸ்ஸைத் தவறவிட்டாள்.

"போறதுக்கு முதல் அந்தக் குளத்தைக் காட்டுங்கோ," என்றாள் பிறகு. "வந்தால் காட்டுவன் எண்டு சொன்னனீங்கள்."

அந்தக் குளத்தை நானே கண்டதில்லை. இங்கே வந்த புதிதில், நகரத்துக்கு வெளியே வேலை செய்தால் விசாவுக்கு நல்லது என்றார்கள். நியூ சவுத் வேல்ஸ் பக்கம் பனிமலையில் ஒரு விடுதிக்குப் போய் மூன்று குளிர்காலம் கோப்பை கழுவினேன். காலையில் வாசலில் கிடக்கும் பனியைச் சவளால் அள்ளினேன். பனி என்றால் எனக்கு அதுதான். அங்கே இருந்த சமையல்காரன் சொல்வான், கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு குளம் இருக்கிறது, அந்தக் காலத்தில் மலையில் இருந்த ஐஸ் நகர்ந்து நகர்ந்து தோண்டினது என்று. பனிக்காலத்தில் அங்கே நடந்து போக முடியாது. பனி உருகினால் விடுதியில் எனக்கு வேலை இல்லை. ஆகவே போகவில்லை. போனில் அவளுக்குச் சொல்ல வேறு கதை இல்லாத ஒரு நாள் இதைச் சொன்னேன்.

"எங்கடை குளத்தை ராசா தோண்டினவர். அங்கை ஐஸ் தோண்டினதோ? நான் வந்தால் காட்டுவியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதை அவள் மறக்கவில்லை.

அது தூரம் என்பதால் முதலில் ஒரு சமாளிப்புப் பார்த்தேன். மெல்பேர்னுக்கு மேற்கே கம்பர்டவுண் பக்கம் பழைய எரிமலைகள் இருக்கின்றன. நெருப்பு அணைந்து பலகாலம். வாய் நிறையத் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் மேட்டில் ஏற்றி, கீழே தெரிந்த வட்டமான தண்ணீரைக் காட்டினேன். நல்ல வடிவு. அவளும் வடிவு என்றாள். கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"இது நெருப்புத் தோண்டினதெல்லோ?"

"ஓம்."

"நீங்கள் சொன்னது ஐஸ் தோண்டினது."

நத்தார்ப் பண்டிகைக்கு, இங்கே அது நடுக்கோடை, குளிர் அறையைப் பூட்டினார்கள். அந்த விடுமுறையில் வெளிக்கிட்டோம்.

மலை நடக்க நல்ல சப்பாத்து வேண்டும் என்று சமையல்காரன் அப்போதே சொல்லியிருந்தான். என்னிடம் இருந்த நல்ல சப்பாத்து வேலைச் சப்பாத்துத்தான், முனையில் இரும்பு வைத்தது. அவளுக்கும் அப்படியே சின்ன அளவில் ஒரு சோடி வாங்கினேன். மேலே குளிரும் என்பதால் குளிர் அறை ஜக்கெட் இரண்டு எடுத்தேன். செம்மஞ்சள் நிறம், குறுக்கே பளிச்சென்று மின்னும் பட்டி. அதைவிடச் சூடான உடுப்பு எனக்குத் தெரியாது. அவளுக்குக் கை நீளம். மடித்துவிட்டேன்.

என்னோடு படகில் வந்த கூட்டாளி ஒருவன் டண்டினோங்கில் இருக்கிறான். தேத்தண்ணிப் பிளாஸ்க் இரவல் தர வந்தவன் எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"என்ன மச்சான், மலை பாக்கப் போறியளோ, மலைக்கு றோட்டுப் போடப் போறியளோ?"

"குளிருமடா."

"அக்கா, சம்பளம் பேசிப்போட்டுப் போங்கோ," என்றான் அவளைப் பார்த்து. எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. அவனுக்கும் அவளைத் தெரியும்.

ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டம். மலையடிவாரத்தில் ஜிண்டபைனில் ஒரு சின்னக் கபினில் படுத்து, காலையில் எழும்பி மேலே போனோம். வழியில் நான் கோப்பை கழுவின விடுதியைக் காட்டினேன். பனி இல்லாமல் அது எனக்கே அடையாளம் தெரியவில்லை. பின்கதவு மட்டும் அதே கதவு.

"இஞ்சையோ இருந்தனீங்கள்?"

"ஓம்."

காரின் யன்னலை இறக்கி அந்தக் கதவைக் கனநேரம் பார்த்தாள். பிறகு ஏற்றிவிட்டாள்.

றோட்டு முடிகிற இடத்தில் நடை தொடங்குகிறது. எடுத்த எடுப்பிலேயே இறக்கம். செங்குத்தாகக் கீழே போய், ஓர் ஆற்றைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏற வேண்டும்.

"இதென்ன மலை, இறங்கிப் போறது?"

"வரேக்கை ஏறலாம்."

நூறு அடி போயிருக்க மாட்டோம். இரண்டு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் மேலே வந்தார். வெள்ளைக்காரர் தெருவில் முகம் பார்க்க மாட்டார்கள். மலையில் கண்டால் கதைக்காமல் போக மாட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் குளத்தின் பெயரைச் சொன்னேன். திரும்பினால் அவள் ஒரு கல்லில் இருந்துகொண்டு தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"'வேர்' எண்டால் எங்கை தானே? வகுப்பிலை படிச்சனான்."

அவளுக்கு அதற்குள் களைத்துவிட்டது என்று கிழவர் நினைத்தார். பாவம். சட்டைப்பையில் கைவிட்டு இனிப்புப் பக்கெற்றை எடுத்து அவளிடம் நீட்டினார். ஜெலியில் செய்த பாம்புகள். பச்சை, சிவப்பு. அவள் ஒன்றை எடுத்து நன்றி சொன்னாள். அவர் போன பிறகு அதைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எங்கை எண்டும் கேட்டு, கையிலை பாம்பையும் தந்துபோட்டுப் போறார். இண்டைக்குப் போய்ச் சேந்த மாதிரித்தான்."

பாம்பை வாயில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

அடுத்து வந்த ஒரு சோடி கேட்டது. இருந்தாள். பிறகு ஒரு குடும்பம். இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப் போனால் தண்ணீர் குளத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்றேன். "முடிஞ்சால் ஆறு இருக்குத்தானே," என்றாள்.

பிறகு நாலைந்து இளம் பிள்ளைகள் எங்களைப் பின்னால் வந்து பிடித்தார்கள். அவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. ஆற்றைத் தாண்டலாமா, தண்ணீர் கூடவா என்று கேட்டார்கள். ஏன் என்னிடம் கேட்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஓகே என்றேன். அவர்கள் என் ஜக்கெட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அப்போதுதான் விளங்கியது. எங்களைப் பாதையில் வேலை செய்கிற ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஆறு ஓகேயோ?" என்று அவள் கேட்டாள்.

"நான் எங்கை கண்டது?"

ஆற்றில் பாலம் இல்லை. கல்லுக் கல்லாய் வைத்திருந்தார்கள். மேலே மிச்சமிருந்த பனி உருகி, நடுவில் இரண்டு கல்லை மூடித் தண்ணீர் ஓடியது. ஆழமில்லை, ஆனால் இழுப்பு. பிள்ளைகள் கரையில் நின்று என்னைப் பார்த்தார்கள். ஓகே என்று சொன்னவன் நான். வேறு வழியில்லை. சப்பாத்தோடு இறங்கி அந்த இரண்டு கல்லுக்கும் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவராகக் கை பிடித்துக் கடத்திவிட்டேன். காலில் தண்ணீர் கத்தி மாதிரி. ஒவ்வொரு பிள்ளையும் தாங்ஸ் சொன்னது. அக்கரைக்குப் போய் ஒரு பெட்டை எங்களைப் படமும் எடுத்தாள்.

கடைசியாக மனைவி வந்தாள். கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. வாய்க்கால் வரம்பில் நடக்கிற மாதிரி நடந்து போய் அக்கரையில் ஏறினாள்.

"வாங்கோ வாங்கோ," என்றாள். "வேலை முடிஞ்சுதெல்லோ. உங்கடை கூட்டாளி சொன்னது சரி, சம்பளம் பேசியிருக்க வேணும்."

அங்கிருந்து ஏற்றம். மரம் இல்லை. புல்லும் கல்லும் சின்னப் பூக்களும்தான். மாட்டு ஈ மாதிரிப் பெரிய இலையான்கள் வந்து கடித்தன. நான் என் பாட்டில் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் இல்லை. பார்த்தால் அவள் எவ்வளவோ கீழே, ஒரு செம்மஞ்சள் புள்ளி. நின்றேன். வந்து சேர்ந்தாள்.

"முன்னுக்குப் போறதே உங்கடை பழக்கம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பாதையோரத்தில் ஒரு பள்ளத்தில் பனி கொஞ்சம் கிடந்தது. அழுக்குப் பனி. ஓரமெல்லாம் மண். அவள் குனிந்து ஒரு கை அள்ளி மூக்கில் பிடித்தாள்.

"உங்கடை சட்டை மணக்கிற மாதிரி இருக்கு," என்றாள். "வேலையாலை வரேக்கை."

குளம் திடீரென்று வந்தது. மேட்டில் ஏறினால் கீழே கிடக்கிறது. மூன்று பக்கமும் கறுத்த பாறை, நடுவில் தண்ணீர். நீலம் என்பார்கள். அன்று கருநீலம். பாறையில் ஒரு கீற்றுப் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று மட்டும். நாங்கள் ஒரு தட்டைக் கல்லில் இருந்தோம். அவள் றொட்டியும் கட்டைச் சம்பலும் எடுத்து வைத்தாள். பிளாஸ்க்கில் இருந்து ஊற்றின பிளேன்ரீயில், வெறும் தேத்தண்ணியில், உடனே ஆவி பறந்தது.

"ஐஸ் எங்கை?" என்று கேட்டாள்.

"இப்ப இல்லை."

"இல்லையோ?"

"அது எப்பவோ உருகிப் போச்சு. ஆயிரமாயிரம் வருசத்துக்கு முந்தி."

"அப்ப இல்லாததைக் காட்டவோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"அது தோண்டின பள்ளம் இருக்குத்தானே."

அவள் றொட்டியைப் பிய்த்தபடி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பல் உறைப்பில் எனக்கு மூக்கு ஓடியது. துடைக்கச் சேலைத் தலைப்பு இல்லாமல் ஜக்கெட் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பத்து வருடத்துக்கு மேல் அப்படி ஒருவரும் செய்ததில்லை.

"நீங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு," என்று தொடங்கினாள்.

கையில் இருந்த றொட்டியைத் தாளில் வைத்தேன்.

"விடியப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு படலையடியிலை நிண்டனீங்கள். கொழும்புக்கு வேலை விசயமாய் எண்டு சொன்னனீங்கள். எனக்குத் தெரியும், கொழும்பு இல்லையெண்டு. எங்கை போறியள் எண்டு வாய் வரைக்கும் வந்தது. கேக்கேல்லை. கேட்டால் போற காரியம் பிழையாப் போயிடும். கடல் எண்டு மனம் சொல்லிச்சுது. அதிலை ஒண்டும் பிழையாப் போகக் கூடாதெல்லோ. விழுங்கிப்போட்டு நிண்டனான்."

"ஓம்," என்றேன்.

"கேட்டிருந்தால் நிண்டிருப்பியளோ?"

யோசித்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை.

"தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். பிளாஸ்க்கை மூடி, போத்தலோடு என்னிடம் தந்தாள். தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். ஒரு துண்டு றொட்டியும் கீழே விடவில்லை.

திரும்பும்போது ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. ஒருவருக்கும் என் கை தேவைப்படவில்லை. அக்கரை போனதும், காலையில் இறங்கின அந்த இறக்கம் இப்போது ஏற்றமாய் நின்றது. முழங்கால் நெஞ்சில் முட்டுகிற ஏற்றம்.

"நான் முன்னுக்குப் போறன்," என்றாள். "நீங்கள் போனால் திரும்பிப் பாக்க மாட்டியள்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நான் பின்னால். இரும்புச் சப்பாத்து கல்லில் டக்டக்கென்று கேட்டது. முதுகுப் பட்டி வெயிலில் மின்னி மின்னிப் போனது. என்னைவிட வேகமாக ஏறினாள். இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. ஒருவர் பையோடு போவதைப் பின்னால் நின்று பார்ப்பது எப்படியென்று எனக்கு அதுவரை தெரியாது. போனவன் எப்போதும் நான்.

"இஞ்சேரும்," என்றேன்.

நின்றாள். திரும்பவில்லை.

"எங்கை போறீர்?"

காற்று அடித்தது. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"உது கேக்கக் கூடாது எண்டு தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமோ கேட்டனீங்கள்?"

"தெரிஞ்சுதான்."

என் முகத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஏற்றம் ஒரு காரணம். பிறகு பாதையோரக் கல்லில் இருந்துகொண்டு கையை நீட்டினாள். போத்தலைத் தேடினேன். அது காலி.

"தண்ணி முடிஞ்சுது. பிளேன்ரீதான் கிடக்கு."

"பிளேன்ரீ சரிவருமோ?"

"தெரியாது."

"தாங்கோ. குடிச்சுப் பாப்பம்."

ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்தாள். நான் அவளுக்குக் கீழே ஒரு கல்லில் இருந்தேன்.

"இருந்து குடிச்சால், பிறகு புதுசாத்தானே வெளிக்கிட வேணும்?" என்றாள்.

"ஓம்."

"எப்ப வெளிக்கிடுறதெண்டு நான்தான் சொல்லுவன்."

"ஓம்."

"தையிலை இல்லை."

நான் குனிந்தேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"கோழியை என்ன செய்யிறது?"

"தங்கச்சிக்கே குடுத்துவிடும்."

"அது என்ரை கோழியெல்லோ."

"இஞ்சையும் வளக்கலாம். பின்வளவு கிடக்குத்தானே. வீட்டுக்காரனைக் கேக்கிறன்."

"சேவல் வைக்க விடுவினமோ?"

"சேவல் விடாங்கள். கூவினால் கவுன்சில்காரன் வந்திடுவான்."

"சேவல் கூவாத வளவு என்ன வளவு," என்றாள். பிறகு சிரித்தாள். இந்த முறை சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். இவள் இருப்பதைப் பார்த்து, ஓகேயா, உதவி வேண்டுமா என்று கேட்டாள். எங்கள் ஜக்கெட்டையும் பார்த்தாள். பாதையில் ஏதும் பழுதா என்றும் கேட்டாள். இவள் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி, "ரீ ரைம்," என்றாள் ஆங்கிலத்தில், தேத்தண்ணி நேரமாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு போனாள்.

மிச்ச ஏற்றத்தைச் சேர்ந்து ஏறினோம். பாதை ஒடுக்கம். தோள் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டோம்.

தைக்கு எடுத்திருந்த டிக்கற்றை மாற்றினோம். ஆனியில் போய் ஆவணியில் திரும்பி வந்தாள். பண்ணையைத் தங்கச்சி பெயருக்குக் கொடுத்துவிட்டு, தான் கட்டின வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டு வந்தாள். இப்போது பின்வளவில் கோழிகள் நிற்கின்றன. சேவல் இல்லை. அது அவளுக்குக் குறை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலியால் எட்டி முட்டை கேட்கிறாள்.

ஆனியில் அவளை ஏற்றிவிட விமான நிலையத்துக்குப் போன அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு பெட்டியைத் தள்ளினேன். கூட்டாளியும் வந்தான். அவனும் கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போனது. வரிசை நகர்ந்தது. எங்கள் முறை வந்தது. அங்கே பயணச்சீட்டு மேசையில் நின்ற பிள்ளை, நல்ல பிள்ளை, கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு முகம் நிறையச் சிரித்து, இன்றைக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

அவள் பெட்டியைப் படுக்கவைத்து, அதன்மேல் இருந்துகொண்டு, கைப்பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். பின்னால் வரிசை நின்றது. அவள் அவசரப்படாமல் குடித்தாள்.